ஆட்டை எண்ணியாச்சு, ஆள் எந்த மாகாணம்? உதுமானியப் பேரரசும் நாடோடிகளும்

தரிசுநிலம்:
ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி. உதுமானியப் பேரரசின் (ஒட்டோமான் என்பார்களே, அதுதான்) 16ஆம் நூற்றாண்டு வரைபடத்தைப் பார்த்தால் சிவாஸ், தியார்பக்கிர், எர்சுரும், ஹலப் (நாம் அலெப்போ என்கிறோமே அதுதான்) என்று மாகாணத்துக்கு ஒரு நிறம் அடித்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளுநர், அவருக்குக் கீழே சஞ்சக் என்ற மாவட்டங்கள், மாவட்டத்துக்கு ஒரு பெய், வழக்கு விசாரிக்க காஜி. சரி. ஆனால் அதே நிலத்தில் குளிருக்கு ஹலப் பக்கம், கோடைக்கு சிவாஸ் மேட்டுநிலம் என்று வருஷா வருஷம் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்வந்த, துருக்கி மொழி பேசும் துர்க்மென் கூட்டங்களும் இருந்திருக்கின்றன. அவர்கள் எந்த மாகாணத்து ஆட்கள்? வரி எந்த ஆளுநருக்கு? ஒருத்தன் ஹலப்பில் ஆளை அடித்துவிட்டு சிவாஸுக்குப் போய்விட்டால் யார் விசாரிப்பது? நான் படித்ததில் எல்லாரும் "அரசு நாடோடிகளை அடக்கிக் குடியமர்த்தியது" என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். அடக்குவதே வேலை என்றால் அத்தனை நூற்றாண்டு இது எப்படி ஓடியது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி:
நிறம் அடித்த வரைபடம்தான் ஏமாற்றுகிறது நண்பரே. குடியானவனை நிலத்தை வைத்துப் பதிந்தார்கள், நாடோடியை ஆளை வைத்துப் பதிந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது.

அவர்களுடைய வருவாய்க் கணக்குக்கு தஹ்ரீர் தப்தர் என்று பெயர். கிராமம் என்றால் ஊர்ப் பெயர், குடும்பத் தலைவன் பெயர், அவன் அப்பன் பெயர், எத்தனை ஏர் நிலம், என்ன விளையும் என்று போகும். நாடோடிக்கு ஊர் இல்லையா, அந்த இடத்தில் 'ஜெமாஅத்' என்று எழுதி கூட்டத்தின் பெயரைப் போடுவார்கள். நம் ஊரில் ஜமாத் என்கிறோமே, அதே சொல். அதற்குக் கீழே கூட்டத்துக்குப் பொறுப்பான கெத்குதாவின் பெயர், பிறகு குடும்பத் தலைவர்கள், கல்யாணமாகாத இளவட்டங்கள் தனியாக. நிலம் என்ற பத்தியே பெரும்பாலும் இருக்காது. மேற்கு அனத்தோலியாவில் (அனத்தோலியா என்றால் இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) இவர்களை யோருக் என்பார்கள். 'நட' என்று பொருள்படும் துருக்கி வினையிலிருந்து வந்த பெயர், அதாவது நடக்கிறவன். யோருக்குக்கு இடம் கிடையாது, இன்ன நிலம் என்று குறிப்பதில்லை என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. அரசுக்கு இது அவமானமாகத் தெரியவில்லை. எழுதிவைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தது.

அப்புறம் ஒவ்வொரு கூட்டத்தின் வருவாயையும் யாராவது ஒருவர் பெயரில் ஒதுக்கிவிடுவார்கள். சிறு கூட்டம் என்றால் ஒரு குதிரைப்படை சிபாஹிக்கோ மாவட்டத்து பெய்க்கோ போகும். பெரிய கூட்டங்கள் நேராக சுல்தானின் சொந்தக் கணக்குக்கு. போஸ் உலுஸ் என்ற பெரிய கூட்டம் அப்படித்தான். உதுமானியர் வருவதற்கு முன் கிழக்கே ஆண்ட அக்கொயுன்லு (வெள்ளாட்டுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், வெள்ளைச் செம்மறிக்காரர்) கூட்டமைப்பின் மிச்சம் அது. குளிருக்கு மார்தினுக்குத் தெற்கே, கோடைக்கு எர்சுரும் பக்க மலைகள். அவர்கள் தியார்பக்கிர் மாகாணத்திலும் நிற்பார்கள், எர்சுருமிலும் நிற்பார்கள், ஆனால் எங்கே நின்றாலும் கணக்கில் சுல்தானுடைய ஆட்கள். வரி தண்ட ஒரு வோய்வோதாவை அனுப்புவார்கள். அவன் கூட்டத்தின் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

கணக்குப்பிள்ளை:
என் பெயருக்கு ஏற்ற இடம் வந்துவிட்டது, வரியைப் பற்றி நான் சொல்கிறேன்.

அடிப்படை வரி ஆட்டு வரி. இரண்டு ஆட்டுக்கு ஒரு அக்சே என்பதுதான் பெரும்பாலான இடங்களில் விகிதம் (அக்சே என்பது சின்ன வெள்ளிக் காசு). வசந்தத்தில் குட்டி போட்டு முடிந்ததும் எண்ண வருவார்கள். சில மாகாணச் சட்டங்களில் தாயையும் குட்டியையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒரு நிமிஷம் அந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். கருப்பு ஆட்டுமயிர்க் கூடாரங்கள், பட்டி வாசலில் ஒரு எழுத்தர், ஒவ்வொன்றாக விடுகிறார்கள், குட்டி தாயைத் தேடிக் கத்துகிறது, கெத்குதா பக்கத்தில் நின்று "இது பக்கத்துக் கூடாரத்துது, போன வாரம் கலந்துவிட்டது" என்கிறான். எல்லா ஆட்டையும் பட்டிக்குக் கொண்டுவந்திருப்பான் என்று நான் நம்பவில்லை, எழுத்தரும் நம்பியிருக்க மாட்டார்.

இதில் கசப்பான பகுதி இருக்கிறது. 24 ஆட்டுக்குக் குறைவாக வைத்திருந்தவனுக்கு சில சட்டத்தொகுப்புகளில் 'கரா' வரி. கரா என்றால் கருப்பு, இங்கே ஏழை என்ற பொருளில். 12 அக்சே. கணக்குப் போடுங்கள். 24 ஆடு வைத்திருப்பவனும் 12 அக்சேதான் கட்டுவான், ஆட்டுக்கு அரை அக்சே. நோயிலும் பனியிலும் ஆடு செத்து 6 மட்டும் மிஞ்சியவனுக்கும் 12 என்றால் ஆட்டுக்கு 2 அக்சே. நான்கு மடங்கு. இப்படி இரண்டு வருஷம் போனால் அவன் ஆட்டை விற்றுவிட்டு யாருடைய நிலத்திலாவது உழப் போய்விடுவான். வாள் எடுக்காமலேயே குடியமர்த்துவது என்றால் இதுதான்.

மேற்குத்தெரு:
எல்லாம் சரி, ஆனால் ரொம்ப அழகாகச் சொல்கிறீர்கள். பதிவேட்டில் இருப்பது அரசு எப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதோ அது. கீழே நடந்தது வேறு. 1511இல் தெக்கே பகுதியில், இன்றைய அந்தாலியா பக்கம், ஷாகுலு என்பவர் தலைமையில் கலகம் வெடித்தபோது அதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் துர்க்மென் நாடோடிகள்! ஈரானில் உதுமானியரின் எதிரியான ஷா இஸ்மாயில் தலையெடுத்ததே இந்த அனத்தோலியக் கூட்டங்களை வைத்துத்தான். அவர்களுக்குக் கிசில்பாஷ் என்று பெயர், செந்தலைக்காரர்கள். இஸ்தான்புல் அவர்களைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. கெத்குதா, எழுத்தர், பட்டி வாசல் எல்லாம் இருக்கட்டும், ஆளைப் பெயர் சொல்லி எழுதிவைத்ததே கண்காணிக்கத்தான் என்று நான் நினைக்கிறேன்.

பழஞ்சுவடி:
கண்காணிப்பும்தான், மறுக்கவில்லை. ஆனால் வெறும் சந்தேகம் மட்டும் என்றால் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டுமே தோழர். மேற்கு அனத்தோலியாவை உள்ளடக்கிய அனதோலு மாகாணத்தில் 1520–35 வாக்கில் பதிவான நாடோடிக் குடும்பங்கள் சுமார் 77,000. 1570–80 வாக்கில் சுமார் 1,16,000. பதிவு நன்றாக நடந்ததும் ஒரு காரணமாக இருக்கும், மக்கள்தொகையே பெருகியதும் காரணம். எப்படியானாலும் அரசு அவர்களை ஒழிக்க முனைந்த காலத்தின் கணக்கு மாதிரி இது தெரியவில்லை.

அரசுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். ருமேலியாவில், அதாவது பால்கன் பக்கம், யோருக்குகளை 30 பேர் கொண்ட ஓஜாக் ஓஜாக்காகப் பிரித்து வைத்திருந்தார்கள். சுல்தான் சுலைமான் காலத்துச் சட்டப்படி 5 பேர் முறை வைத்துப் படைக்குப் போக வேண்டும், மிச்சம் 25 பேர் ஆளுக்கு 50 அக்சே கொடுத்து அவர்கள் செலவைப் பார்க்க வேண்டும். படைக்கு என்றால் வாளோடு முன்வரிசையில் இல்லை. பீரங்கி இழுக்க, பாலம் கட்ட, கோட்டை பழுதுபார்க்க, சுரங்கத்தில் வேலை செய்ய. அனத்தோலியாவில் ஒட்டகம். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

வழிப்போக்கி:
இழையை இன்றுதான் பார்த்தேன். நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை, ஊர் சுற்றுகிறவன். சில வருஷம் முன்பு இஸ்தான்புல்லில் ஆசியப் பக்கமான உஸ்குதாரில் ஒரு மேட்டின் மேல் அதிக் வாலிதே பள்ளிவாசலுக்குப் போயிருந்தேன். சுல்தான் மூன்றாம் முராதின் அம்மா நூர்பானு கட்டியது, கட்டடக் கலைஞர் சினான், 1583இல் முடிந்தது. முற்றத்தில் பெரிய பெரிய மரங்கள், கீழே மதரசா, மருத்துவமனை, ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய இமாரத் எல்லாம் ஒரே வளாகம். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று கூட வந்தவரிடம் கேட்டேன். "சிவாஸ் பக்கத்து ஆடுகள்" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இப்போது இந்த இழையைப் படித்தால் ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது. உண்மையா?

பழஞ்சுவடி:
உண்மையேதான், அருமையான இடத்தைத் தொட்டீர்கள். சிவாஸுக்குத் தெற்கே யெனி இல் என்றொரு பகுதி, 'புது நாடு' என்று பொருள். தரிசுநிலம் முதலில் கேட்டாரே, ஹலப்பில் குளிர்காலம் சிவாஸில் கோடை என்று, அந்தக் கூட்டங்கள் கோடைக்கு வந்து இறங்குகிற இடமே இதுதான். 1580களில் இந்த யெனி இல் துர்க்மென்களின் வருவாய் நூர்பானுவின் வக்புக்கு, அதாவது அந்தப் பள்ளிவாசல் வளாகத்தின் அறக்கட்டளைக்குப் போனது. அதனால் அவர்களுக்கு 'உஸ்குதார் துர்க்மென்கள்' என்றே பெயர் வந்துவிட்டது. உஸ்குதாரைக் கண்ணால் பார்க்காத ஆட்கள். யெனி இல்லிலிருந்து இஸ்தான்புல் சுமார் 900 கிலோமீட்டர்.

இதில்தான் மாகாண ஆட்சியின் முடிச்சு இருக்கிறது. சிவாஸ் ஆளுநர் அரண்மனை ஜன்னலைத் திறந்தால் கண்ணெதிரே ஆயிரக்கணக்கான ஆடு மேய்கிறது. அதில் ஒரு ஆட்டின் வரி கூட அவருக்கு இல்லை. எல்லாம் வக்புக்கு. கை வைத்தால் உஸ்குதாரிலிருந்து புகார் அரண்மனைக்குப் போகும், அதுவும் சுல்தானின் அம்மா வீட்டுப் புகார்.

தரிசுநிலம்:
அப்படியானால் ஆளுநருக்கு வேலையே இல்லையா? என் மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. குற்றம் செய்தால்?

பழஞ்சுவடி:
வருகிறேன். குற்றத்துக்கு அபராதம் உண்டு. அபராதம், கல்யாண வரி, ஓடிப்போன மாட்டைப் பிடித்தால் வருவது, இந்த மாதிரி முன்கூட்டிக் கணக்கிட முடியாத வரவு எல்லாவற்றுக்கும் சேர்த்து 'பாத்-இ ஹவா' என்று ஒரு தலைப்பு. பாரசீகச் சொல், காற்றோடு வந்தது என்கிற மாதிரி. பெயர்தான் காற்று, தொகை கனம். இந்தக் காற்று யார் பைக்குள் வீச வேண்டும் என்பதுதான் சண்டையே. சாதாரணக் குடியானவன் குற்றம் செய்தால் மாவட்டத்து பெய் அபராதத்தில் பங்கு வாங்குவார். ஆனால் சுல்தானின் கணக்கிலோ பெரிய வக்பிலோ இருக்கிற கூட்டங்கள் 'செர்பெஸ்த்', அதாவது உள்ளூர் அதிகாரி நுழையக் கூடாதவை. அபராதத்தையும் அவர்களுடைய வோய்வோதாவே வாங்குவான். விசாரணை காஜிதான் செய்ய வேண்டும், அது யாருக்கும் விலக்கில்லை. சில பெரிய கூட்டங்களுக்கு ஊர் இல்லாத காஜியே இருந்தார். போஸ் உலுஸ் காஜி என்றால் போஸ் உலுஸ் எங்கேயோ அங்கே நீதிமன்றம்.

இதை வாசிக்க ஒழுங்காக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும்? ஒரு ஊரின் பார்லி வயலில் ஆடு இறங்கிவிட்டது. ஊரார் உள்ளூர் காஜியிடம் போகிறார்கள். பெய்யின் ஆட்கள் குதிரையேறி வந்து நாலு ஆட்டைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், நஷ்டஈடு என்கிறார்கள். வோய்வோதா வந்து "என் ஆட்கள் மேல் கைவைக்க நீ யார்" என்கிறான். கெத்குதா இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு மறுநாள் விடிவதற்குள் கூடாரத்தைப் பிரித்துவிடுகிறான். வழியில் ஒரே இடத்தில் மூன்று நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று சட்டமும் இருந்தது, ஆகவே அவன் சட்டப்படிதான் போகிறான்!

மலைச்சாரல்:
அந்தக் கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன் அண்ணா. ஆனால் பார்லி வயல்காரன் பக்கம் யாரும் பேசவில்லையே. ஆயிரம் ஆடு, நூறு ஒட்டகம் ஊருக்குள் நடந்து போனால் அந்த வருஷத்துக் கஞ்சி போச்சு. மூன்று நாள் சட்டம் அவனுக்காகப் போட்டதுதானே?

பழஞ்சுவடி:
அவனுக்காகத்தான். தலைநகர் மன்றத்தின் உத்தரவுப் பதிவேடுகள் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தொடர்ச்சியாக இருக்கின்றன, 17ஆம் நூற்றாண்டில் புகார்களுக்கென்றே தனிப் பதிவேடு தொடங்கிவிட்டார்கள். அதில் இரண்டு பக்கமும் இருக்கும். பயிர் போச்சு, கிணற்றை அடைத்துக்கொண்டார்கள், குதிரை திருடினார்கள் என்று ஊரார். சட்டத்துக்கு மேல் மேய்ச்சல் கூலி கேட்கிறார்கள், ஒரே வருஷத்தில் இரண்டு பேர் ஆட்டு வரி வாங்கிவிட்டார்கள் என்று நாடோடிகள். இரண்டாவது வகைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரசுக்கு வெளியே நின்றவன் அரசிடம் மனுக் கொடுப்பானா?

இன்னொன்றும் இருக்கிறது அம்மா. வருஷம் முழுக்கச் சண்டை இல்லை. அறுப்பு முடிந்த தாளில் ஆட்டை விட்டால் நிலத்துக்கு எருவாச்சு. கம்பளி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, கம்பளம் எல்லாம் கொண்டுவந்து தானியம் வாங்கிப் போனார்கள். இஸ்தான்புல்லுக்கு இறைச்சிக்குப் போன மந்தைகளில் ஒரு பங்கு கிழக்கு அனத்தோலியாவிலிருந்து நடந்தே போனவை. சண்டை மட்டும்தான் பதிவேட்டுக்கு வரும், நல்லபடியாக நடந்த சந்தையை எவன் எழுதுவான்.

கணக்குப்பிள்ளை:
இதில் ஒரு பண விஷயத்தைச் சேர்க்காமல் போனால் 17ஆம் நூற்றாண்டு புரியாது. 1585–86இல் அக்சேயின் வெள்ளியைக் குறைத்தார்கள். ஒரு பொற்காசுக்கு 60 அக்சே என்றிருந்தது 120 ஆச்சு. ஆட்டு வரி சட்டத்தில் எழுதிய விகிதம், அதே அக்சேயில்தான் இருக்கிறது. அதாவது ஒரே நாளில் வரியின் மதிப்பு பாதி. அதை நம்பி வாழ்கிற அதிகாரி என்ன செய்வான்? மேலே போட்டு வாங்குவான். வருகை செலவு, குதிரைக்குத் தீவனம், எழுத்தர் கூலி என்று புதுப்புதுப் பெயர்கள். ஆளுநர்களும் இப்போது துப்பாக்கி தூக்கிய கூலிப்படை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, பதவியோ இரண்டொரு வருஷம்கூட நிலையில்லை. சுற்றுப்பயணம் என்று ஐம்பது நூறு பேரோடு கிளம்பி, இறங்கிய இடத்திலெல்லாம் தின்றுவிட்டுப் போவார்கள். இதைத் தடுக்க சுல்தான்கள் நீதி ஆணை என்று வெளியிட்டார்கள், முதலாம் அகமது 1609இல் வெளியிட்டது பிரபலம். திரும்பத் திரும்ப வெளியிட்டார்கள் என்பதிலிருந்தே பலன் தெரிகிறதே.

மேற்குத்தெரு:
இப்போதுதான் நான் சொன்ன இடத்துக்கு வருகிறீர்கள் எல்லாரும்.

பழஞ்சுவடி:
பொறுங்கள். இதோடு வானமும் கைவிட்டது. 1590களில் அனத்தோலியாவில் வருஷக்கணக்கில் வறட்சி, கடுங்குளிர், அதன் பின்னாலேயே கால்நடை நோய். 1596லிருந்து ஏறத்தாழ 1610 வரை ஜெலாலி என்ற கிளர்ச்சிக் கூட்டங்களின் கலகங்கள். மத்திய அனத்தோலியாவில் கிராமம் கிராமமாக ஆட்கள் ஓடிப்போனார்கள். உழ ஆளில்லாத நிலம் புல்லாகிறது, புல் இருக்கும் இடத்துக்கு ஆடு வருகிறது. போஸ் உலுஸ் சிதறி மேற்கே கரமான், அங்காரா பக்கம், இன்னும் தள்ளி ஏஜியன் கரை வரைக்கும் வந்தது. இப்போது யோசியுங்கள், குளிருக்கு மார்தின் கோடைக்கு எர்சுரும் என்று எழுதிய பதிவேட்டில் இருக்கிறவன் அங்காராவில் நிற்கிறான். வரி தண்டுகிறவன் தியார்பக்கிரிலிருந்து தேடி வர வேண்டும். அங்காராவில் இருக்கிற அதிகாரி "என் எல்லையில் புல் மேய்கிறாய், எனக்குக் கொடு" என்கிறான். இருவருக்கும் கொடுத்தவனும் இருக்கிறான், இருவருக்கும் கொடுக்காதவனும் இருக்கிறான். "நான் அவருடைய ஆள்" என்று ஒவ்வொருவரிடமும் மற்றவர் பெயரைச் சொல்லித் தப்பியவர்களும் இருந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேற்குத்தெரு, உங்களோடு எனக்கு வேறுபாடு இந்த ஒரு இடத்தில்தான். நீங்கள் அரசு ஒரு பக்கம், நாடோடி ஒரு பக்கம் என்று நிறுத்துகிறீர்கள். அரசு என்று ஒன்று ஒரே ஆளாக அங்கே நிற்கவே இல்லை. ஆளுநர், வோய்வோதா, வக்புக்காரர், குத்தகைக்கு வரி எடுத்தவர், காஜி என்று ஐந்து பேர் ஒரே ஆட்டைப் பிடித்து இழுக்கிறார்கள். நாடோடிகளுடைய சுதந்திரம் என்று நாம் பேசுவதில் பெரும்பங்கு இந்த ஐவருக்கும் நடுவில் கிடைத்த சந்துதான்.

தரிசுநிலம்:
அந்தச் சந்து எப்போது அடைபட்டது? ரக்கா (இன்றைய சிரியாவில் இருக்கிறது) என்ற பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

பழஞ்சுவடி:
1691. அதற்கு முன் சூழ்நிலை. 1683இல் வியன்னாவில் தோல்வி, 1686இல் புதா (இன்றைய புதாபெஸ்ட்டின் ஒரு பகுதி) போச்சு, 1688இல் பெல்கிராதும் போய் 1690இல் திரும்பக் கிடைத்தது. ஒரே சமயத்தில் நாலு எதிரிகளோடு போர், கஜானா காலி. பிரதம வசீராக, அதாவது தலைமை அமைச்சராக இருந்த கோப்ருலு பாசில் முஸ்தபா பாஷா படைக்கு ஆள் வேண்டும் என்று துர்க்மென் கூட்டங்களையும் அழைத்தார். அவர் 1691 ஆகஸ்டில் ஸ்லாங்கமென் போரில் குண்டு பட்டுச் செத்தார். அதே வருஷம் அனத்தோலியாவில் பெரிய குடியமர்த்தல் உத்தரவுகள் கிளம்பின. துர்க்மென் கூட்டங்களை யூப்ரதீஸுக்கு அப்பால், ரக்காவிலிருந்து ஹர்ரான் வரை பாலிக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறக்கு. ஹமா, ஹோம்ஸ் பக்கமும் சிலரை இறக்கு. பாழாய்ப் போன நிலத்தை உழுவார்கள், தெற்கேயிருந்து வருகிற பாலைவன அரபுக் குலங்களுக்கு ஒரு வேலியாகவும் நிற்பார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று இஸ்தான்புல்லில் யாரோ நினைத்திருக்க வேண்டும். போர்க்கால வரிகளிலிருந்து விலக்கும் கொடுத்தார்கள்.

சிவாஸ் மேட்டில் கோடையைக் கழித்தவனை ரக்காவில் உட்கார வைப்பது என்றால் என்ன தெரியுமா? வெயில் 40 டிகிரியைத் தாண்டும். உரோமம் அடர்ந்த மலை ஆடு அங்கே ஆடி மாதம் என்ன செய்யும்? தண்ணீர் குறைந்த ஆறு, கொசு, காய்ச்சல், பக்கத்திலேயே கொள்ளைக்கு வருகிற குதிரைக்காரர்கள். ஓடினார்கள். பிடித்து வந்தார்கள். மறுபடி ஓடினார்கள். 18ஆம் நூற்றாண்டு முழுக்க "ரக்காவிலிருந்து ஓடியவர்களைத் திருப்பி அனுப்பு" என்று உத்தரவுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. பிற்பாடு ரக்கா என்றாலே தண்டனைக்கு அனுப்பும் இடம் என்றாகிவிட்டது.

ஓடாமல் இருக்க ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள், பெயர் 'நெஸிர்'. நேர்த்திக்கடன் என்றே நாம் சொல்லலாம், அரபு மூலத்தில் அதே பொருள்தான். கூட்டத்துப் பெரியவர்கள் காஜி முன்னால் நின்று, "நாங்கள் இடத்தை விட்டுக் கிளம்பினால், கொள்ளையில் இறங்கினால், கஜானாவுக்கு இவ்வளவு பணம் கட்டுகிறோம்" என்று வேண்டிக்கொள்ள வேண்டும். ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருத்தன் ஓடினால் எல்லாருக்கும் கடன். மேலே கணக்குப்பிள்ளை சொன்ன 12 அக்சே இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மலைச்சாரல்:
சாமிக்கு வேண்டிக்கொள்கிற மாதிரி கஜானாவுக்கு வேண்டிக்கொள்வதா! நல்லா இருக்கு.

மேற்குத்தெரு:
சரி, சந்து வாதத்தை ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1691 உங்கள் வாதத்துக்கே எதிராகப் போகிறதே. ஐந்து பேர் இழுத்தார்கள் என்றீர்கள், அந்த வருஷம் மட்டும் எப்படி ஒரே கையாக இறங்கினார்கள்?

பழஞ்சுவடி:
ஒரே கையாக இறங்கியதாக நினைத்தார்கள், அவ்வளவுதான். ஓடிவந்த துர்க்மென் குடும்பத்தை மத்திய அனத்தோலியாவில் யார் ஒளித்து வைத்தது என்று நினைக்கிறீர்கள்? உள்ளூர் அதிகாரிகளும் நிலக்காரர்களும்தான். அவர்களுக்கு வரி கட்டுகிற ஆளும் ஒட்டகமும் வேண்டும். 1695இல் வரிக் குத்தகையை ஆயுள் முழுக்கவும் எடுக்கலாம் என்று மாலிகானே முறை வந்தது. ஒரு கூட்டத்தின் வரியை ஆயுளுக்கும் காசு கொடுத்து வாங்கியவன், அந்தக் கூட்டத்தை ரக்காவுக்கு அனுப்பச் சம்மதிப்பானா? ஒரு கை அனுப்பியதை இன்னொரு கை திருப்பிக் கூட்டி வந்தது.

இன்னொரு சங்கதி. அதே 1691இல் ருமேலியாவில் யோருக்குகளை என்ன செய்தார்கள் தெரியுமா? 'எவ்லாத்-இ ஃபாத்திஹான்', வெற்றியாளர்களின் வழித்தோன்றல்கள் என்று பட்டம் கொடுத்து, புதிதாகப் பட்டியல் எடுத்து, படையணியாக மாற்றினார்கள். ஒரே அரசு, ஒரே வருஷம். இங்கே பட்டம், அங்கே நாடுகடத்தல். ருமேலியாவில் எல்லை பறிபோய்க்கொண்டிருந்தது, நம்பிக்கையான முஸ்லிம் ஆட்கள் தேவை. அனத்தோலியாவில் புகார்தான் அதிகம். நாடோடிக் கொள்கை என்று ஒன்று இருந்ததாக நான் நம்புவதில்லை, இருந்ததெல்லாம் அந்தந்த மாகாணத்தின் அப்போதைய தலைவலி.

கணக்குப்பிள்ளை:
ஒப்பிட ஒன்று. கிட்டத்தட்ட இதே காலத்தில் சீனத்து சிங் பேரரசு மங்கோலியர்களைக் 'கொடி' என்ற பெயர் கொண்ட பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கொடிக்கும் மேய்ச்சல் எல்லை போட்டு, தாண்டினால் தண்டம் என்று வைத்தது. அதாவது புல்லையே அளந்துவிட்டார்கள். உதுமானியர் ஆளை எழுதிவிட்டுப் புல்லை விட்டார்கள். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு சிங் முறைதான் சுத்தம். ஆடு மேய்க்கிறவனாக இருந்தால் மாற்றிச் சொல்வேன்.

தரிசுநிலம்:
கேட்டது ஒன்று, கிடைத்தது பத்து, எல்லாருக்கும் நன்றி. ஒட்டகம் பற்றித் தனியாக எழுதலாம் என்று விட்டுவிட்டீர்களே பழஞ்சுவடி ஐயா, அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்.

பழஞ்சுவடி:
ஐயா எல்லாம் வேண்டாம். இரட்டைத் திமில் ஆண் ஒட்டகத்தையும் ஒற்றைத் திமில் அரபுப் பெண் ஒட்டகத்தையும் சேர்த்து ஒரு கலப்பினம் வளர்த்தார்கள், துலு என்று பெயர். அரபு ஒட்டகத்துக்கு அனத்தோலியக் குளிர் ஆகாது, இரட்டைத் திமிலுக்கு வெயில் ஆகாது, கலப்பினம் இரண்டையும் தாங்கும், இரண்டையும்விட அதிகச் சுமை தூக்கும். இதை வளர்க்கக் குளிர்நிலமும் வேண்டும், வெப்பநிலமும் வேண்டும், அதாவது நடக்கிறவனால்தான் முடியும். படை கிழக்கே போகும்போது மாவையும் பார்லியையும் தூக்கியது பெரும்பாலும் இவைதான், ஒரு மாகாணத்தில் வாடகைக்குப் பிடித்து இன்னொரு மாகாணத்தில் இறக்குவார்கள். கூலி ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள், அதற்கும் புகார்ப் பதிவேடு இருக்கிறது.

வழிப்போக்கி:
அங்காராவுக்குத் தெற்கே பேருந்தில் போகும்போது ஹைமானா என்று ஒரு ஊர்ப் பலகை பார்த்தேன். வெந்நீர் ஊற்று இருக்கிறது என்று இறங்கினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பழஞ்சுவடி:
உண்டு. பதிவேட்டில் எந்தக் கூட்டத்திலும் சேராமல், எந்த மண்ணிலும் ஒட்டாமல் திரிகிறவர்களை எழுதுவதற்கு வைத்த சொல் ஹைமானே. கூடாரம் என்ற சொல்லிலிருந்து வருவது. இப்போது நகராட்சி, தபால் குறியீட்டு எண் எல்லாம் இருக்கும். வெந்நீர் எப்படி இருந்தது?

வழிப்போக்கி:
சுடச்சுட இருந்தது. இரண்டு நாள் தங்கிவிட்டேன், மூன்றைத் தாண்டவில்லை.